ரன்வே ஓரப் புல்லை எத்தனை உயரத்தில் வெட்டுவது? ஆள்காட்டியும் கொக்கும் குறையவே இல்லை

அன்னூர் டிராக்டர்

வணக்கமுங்க. சொந்த ஊர் அன்னூர் பக்கம். அப்பா காலத்திலிருந்தே டிராக்டர் வாடகைக்கு ஓட்டுகிறோம். உழவு, ரோட்டவேட்டர், சோளத்தட்டு அறுப்பு என்று போய்க்கொண்டிருந்தவனுக்கு இந்த வருஷம் ஒரு விமான தளத்தில் புல் வெட்டும் வேலை கிடைத்திருக்கிறது. ஒப்பந்தம் எடுத்தவர் வேறு ஒருவர், அவருக்குக் கீழே நான் செய்கிறேன். எந்தத் தளம் என்று சொல்லாமல் விடுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். இரண்டு டிராக்டர், அவற்றின் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் இரண்டு ரோட்டரி ஸ்லாஷர், விளக்குகளைச் சுற்றி வெட்ட ஆறு பிரஷ் கட்டர், பதினான்கு ஆட்கள்.

கையில் கொடுத்த தாளில் புல் தாழ்வாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. அளவு எதுவும் இல்லை. முதல் வெட்டில் ஸ்லாஷரை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி மொட்டை அடித்தமாதிரி வெட்டிவிட்டோம். பார்க்கச் சுத்தமாக இருந்தது, மேற்பார்வையாளருக்கும் திருப்தி. பத்துப் பதினைந்து நாளில் ஆள்காட்டி வர ஆரம்பித்தது. முதலில் ஒரு ஜோடி. இப்போது காலையில் எண்ணினால் இருபதுக்குக் குறைவதில்லை. ஆளைக் கண்டாலே கத்திக்கொண்டு தலைக்கு மேலே சுற்றுகிறது, விமானம் வரும்போது மட்டும் தரையோடு தரையாக உட்கார்ந்துகொள்கிறது. டிராக்டர் உள்ளே இறங்கிவிட்டால் உண்ணிக்கொக்கு வரிசை கட்டிப் பின்னாலேயே நடக்கிறது. தோட்டத்தில் உழும்போது இதைப் பார்த்தால் எனக்கு மனசு குளிரும். இங்கே அதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை ஓடுதள ஓரத்தில் ஒரு ஆள்காட்டி செத்துக் கிடந்தது. ஒரு இறக்கை மட்டும் தனியாக நாலடி தள்ளிக் கிடந்தது. விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார்கள். அந்த இறக்கையை எடுத்துப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுத்தேன், கையில் எடையே தெரியவில்லை. அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளிநாட்டில் புல்லை உயரமாக விடுவார்கள், அப்போதுதான் பறவை வராது என்கிறார் ஒருவர். உயரமாக விட்டால் எலியும் பாம்பும் சேரும், ஒட்ட வெட்டு என்கிறார் இன்னொருவர். இரண்டில் எது சரி? அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க.


பல்லடத்துக்காரன்

ஒட்டத்தான் வெட்ட வேண்டும் தம்பி. எங்கள் கோழிப் பண்ணையைச் சுற்றிப் புல்லை ஒரு மாசம் விட்டோம். கண்ணாடி விரியன் இரண்டு. உங்கள் ஆட்கள் செருப்போடு வேலை செய்கிறவர்கள், முதலில் அவர்கள் உயிரைப் பாருங்கள். பறவைக்குப் பட்டாசு இருக்கிறதல்லவா.


கொறங்காட்டான்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அந்த இறக்கையைக் கையில் எடுத்த இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். எனக்கும் அப்படிச் சில காலைகள் உண்டு.

முப்பத்தோரு வருஷம் விமான தளங்களில் தரைப் பராமரிப்பு பார்த்தேன், பெரும்பாலும் வடக்கே. ஓய்வு பெற்றதும் ஊருக்கே வந்துவிட்டேன். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் நம்ம காடு. புல்லையும் பறவையையும் பற்றி வேலையில் கற்றுக்கொண்டதை விட எங்கள் அப்பாரு கொறங்காட்டில், அதாவது எங்கள் மேய்ச்சல் காட்டில், சொல்லிக் கொடுத்தது அதிகம். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

உயரமாக விடு என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவில் பாஸ்டனில் கிளம்பிய ஒரு எலக்ட்ரா விமானம், ஸ்டார்லிங் கூட்டத்துக்குள் புகுந்து, என்ஜின்கள் வேகம் இழந்து கடலோரத் தண்ணீரில் விழுந்தது. உள்ளே இருந்த 72 பேரில் 62 பேர் போய்விட்டார்கள். ஸ்டார்லிங் என்றால் என்னமோ பெரிய பறவை என்று நினைக்க வேண்டாம். நம் மைனாவுக்குப் பங்காளி, ஒன்று நூறு கிராம்கூட வராது. குளிர்காலத்தில் நம் சோளக்காட்டுக்கு வருமே சூறைக்குருவி, அதே குடும்பம்தான். அதற்கப்புறம் பிரிட்டனில் 1960களிலும் 1970களிலும் விமானப்படைத் தளங்களில் புல்லைச் சோதித்தார்கள். அங்கே தொல்லை கொடுத்தவை ஸ்டார்லிங், அந்த ஊர் ஆள்காட்டி, கடற்காகம், காக்கை வகைகள். எல்லாமே குட்டைப் புல்லில் நடந்து, மண்ணைக் குத்தி, மண்புழுவும் வேர்ப்புழுவும் எடுக்கிறவை. புல் 15 முதல் 20 செ.மீ. இருந்தால் அவற்றால் நடக்க முடியவில்லை, மண்ணுக்கு அலகு எட்டவில்லை, எதிரி வந்தால் ஒன்றை ஒன்று பார்க்க முடியவில்லை. பயந்துகொண்டு இறங்குவதைக் குறைத்துவிட்டன. நம் கணக்கில் முக்கால் சாண் முதல் ஒரு சாண் வரை. அமெரிக்க விமானப்படை 7 முதல் 14 அங்குலம் என்று வைத்திருக்கிறது. ஆக, உயரமாக விடச் சொன்னவர் சொன்னது கட்டுக்கதை இல்லை. அந்தப் பறவைக்கு, அந்தப் புல்லுக்கு, அந்தக் குளிருக்கு அது உண்மை.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். கொறங்காடு பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். ஒரு காட்டில் ஆட்டையும் மாட்டையும் விட்டு மேய்த்துவிட்டு, படலைச் சாத்தி அடுத்த காட்டுக்கு மாற்றுவோம். சின்ன வயதில் படலைத் திறக்கும் வேலை எனக்கு. மேய்ந்து தேய்ந்த காட்டில் எப்போதும் ஆள்காட்டி இருக்கும், நெட்டைக்காலி இருக்கும், மைனா இருக்கும். முழங்கால் உயரம் புல் நின்ற காட்டுக்குள் இறங்கினால் காலடியிலிருந்து கவுதாரி படபடவென்று கிளம்பும். வெட்டுக்கிளி நாலா பக்கமும் தெறிக்கும். மேலே கருந்தோள் பருந்து ஒரே இடத்தில் இறக்கை அடித்துக்கொண்டு நிற்கும், எலிக்காக. ராத்திரி கூகை வரும். பறவையே இல்லாத காடு என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. எந்த உயரத்தில் வெட்டுகிறோமோ, அதற்குத் தக்க பறவை வந்து உட்காரும். எதை வரவிடலாம், எதை வரவிடக் கூடாது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

ஆள்காட்டி ஒன்று 200 கிராம் பக்கம் வரும். உண்ணிக்கொக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. கள்ளப்பருந்து முக்கால் கிலோ. ஆண் மயில் நாலு கிலோவுக்குக் குறையாது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்காகும். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் மணிக்கு 250 கிலோமீட்டர் பக்கம் போகிறது, பெரும்பாலான மோதல்களும் தரையிலிருந்து சில நூறு அடிக்குள்தான் நடக்கின்றன. அதாவது உங்கள் புல்லுக்கு மேலே. இதை உங்கள் ஆட்களுக்கும் சொல்லுங்கள். புல்தானே வெட்டுகிறோம் என்று நினைப்பவன் வெட்டும் விதமும், இருநூறு பேர் உயிர் என்று தெரிந்தவன் வெட்டும் விதமும் வேறாக இருக்கும்.

பல்லடத்து நண்பர் பாம்பைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆட்களுக்கு முழங்கால் வரை பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், அதில் கஞ்சம் வேண்டாம். ஆனால் ஒட்ட வெட்டுவதில் உள்ள கேட்டையும் பாருங்கள். நீங்கள் மொட்டை அடித்ததில் புல்லின் தூர் செத்திருக்கும். அங்கே மண் திறந்துவிடும், பார்த்தீனியமும் நெருஞ்சியும் ஏறும். சரளை கலந்த வெட்டவெளி என்றால் ஆள்காட்டிக்கு வீடு கட்டிக் கொடுத்தமாதிரி. அது கூடென்று ஒன்றும் கட்டுவதில்லை. சின்னக் குழி, சுற்றி நாலு கல். நாலு முட்டையும் கூர்முனை உள்பக்கம் பார்க்க வட்டமாக இருக்கும், நிறம் பக்கத்துக் கல்லைப் போலவே. குனிந்து உற்றுப் பார்த்தால்கூடத் தெரியாது, மிதித்த பிறகுதான் தெரியும். நான் ஒரு முறை மிதித்திருக்கிறேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்து ஒரு விஷயம். இதைப் புத்தகம் படித்தவர்கள் பலர் தவற விடுகிறார்கள். பிரிட்டன் புல் கம்பளம் மாதிரி நெருங்கி வளர்வது. நம் கொழுக்கட்டைப் புல் தூர் தூராக நிற்கும், இரண்டு தூருக்கு நடுவில் ஒரு முழம் வெற்று மண். ஒரு சாண் உயரம் என்ன, இரண்டு சாண் விட்டாலும் ஆள்காட்டி அந்தச் சந்து வழியே ராஜா மாதிரி நடந்து போகும். உயரத்தை மட்டும் அளந்து எழுதி வைத்து, பறவை குறையவில்லையே என்று தலையைச் சொறிவதற்கு இதுதான் காரணம். முதலில் அடர்த்தி வர வேண்டும். அருகம்புல் இருக்கும் இடங்களில் அதைப் படர விடுங்கள். மொட்டை அடிப்பதை நிறுத்தினாலே ஒரு மழையில் பாதி இடைவெளி மூடிக்கொள்ளும்.

நாளைக்குக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். மூங்கில் பட்டையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் கட்டுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, பறவை அதிகம் இறங்கும் இடத்தில் அதைப் போட்டு முழங்காலில் உட்காருங்கள். தூரைக் கையால் விலக்கினால் அடியில் வெயில் படாத ஈரம் இருக்கும். அங்கே என்ன ஊர்கிறது என்று பாருங்கள். வெட்டுக்கிளிக் குஞ்சா, சாண வண்டா, கரையானா, எறும்பா? கதிர் எத்தனை? எலி வளை இருந்தால் அதன் வாயைப் பாருங்கள். வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் பழைய வளை. புதுமண் தள்ளியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. அந்த ஒரு மீட்டருக்குள் இருப்பதுதான் பறவைக்கு நீங்கள் வைத்திருக்கும் சாப்பாடு. சாப்பாட்டை எடுக்காமல் பந்தியை விரட்டினால் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். பட்டாசு இரண்டு நாள் வேலை செய்யும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

எல்லாவற்றையும் விட, வெட்டும் நேரம். என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வடக்குத் தளம். இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்த காலை, ஒன்பது மணிக்கு மூன்று டிராக்டரை உள்ளே விடச் சொன்னது நான்தான். கதிர் விட்ட புல், அதில் வெட்டுக்கிளி நிறைந்து கிடந்தது. அரை மணி நேரத்தில் கொக்கு வந்தது, கரிச்சான் வந்தது, மைனா வந்தது, மேலே கள்ளப்பருந்து வட்டம் போட்டது. கொக்கு மட்டும் முந்நூறு இருக்கும். இறங்க வந்த விமானம் சக்கரம் தரையைத் தொடப் போகும் நேரத்தில் தூக்கிக்கொண்டு மேலே போனது. கொக்குகள் வெள்ளை வேட்டியை உதறியமாதிரி மொத்தமாக எழும்பின. ஒன்றும் படவில்லை. இருபது நிமிஷம் வானத்தில் சுற்றிவிட்டுத்தான் இறங்கினார்கள். அந்த இருபது நிமிஷமும் நான் டிராக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கை நடுக்கம் நிற்கவே இல்லை.

அன்றிலிருந்து பகல் வெட்டை நிறுத்தினோம். கடைசி விமானம் போன பிறகு, டவர் அனுமதியோடு, ராத்திரியில்தான் வெட்டு. கொக்கு அந்த நேரம் மரத்தில் அடைந்திருக்கும். ஆனால் வெட்டிய புல்லைப் பொழுது விடிவதற்குள் வாரிவிட வேண்டும். வாராமல் விட்டால் செத்ததும் சாகாததுமாகக் கிடக்கும் பூச்சிக்குக் காலையில் மொத்தக் கூட்டமும் வரும். இன்னொன்று, ஓடுதள ஓரத்தில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு போங்கள். பூச்சியும் எலியும் கத்திக்கு முன்னால் ஓடும். வெளியிலிருந்து உள்ளே வந்தால் அவ்வளவையும் நீங்களே ஓடுதளத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தமாதிரி ஆகிவிடும். எத்தனையோ தளத்தில் இந்த ஒன்றைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கதிர் வரும் முன் வெட்டிவிட வேண்டும் என்பதும் முக்கியம். விதை உதிர்ந்துவிட்டால் சில்லையும் புறாவும் மாதக் கணக்கில் வரும். மழைக்குப் பிறகு வாரம் ஒரு முறை நடந்து பாருங்கள். கொழுக்கட்டைப் புல்லின் கதிர் பூனை வாலைப் போல் எட்டிப் பார்த்தால் தேதியெல்லாம் பார்க்கக் கூடாது, அன்று ராத்திரியே இறங்கிவிட வேண்டும். வருஷத்துக்கு இத்தனை வெட்டு என்று கணக்குப் போட்டுக் கையெழுத்து வாங்குவது மழை பெய்வதைப் பார்த்துச் செய்த கணக்கு இல்லை.


சிங்காநல்லூர் குளக்கரை

அண்ணா எழுதியதைப் படித்ததும் என் குறிப்பேட்டை எடுத்துவிட்டேன். நான் ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமைகளில் கோவைக் குளங்களில் பறவை எண்ணுகிறேன். விமான தளத்துக்குள் போனதில்லை. வேலிக்கு வெளியே இருந்து தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் பார்க்கும் ஆள்காட்டி சிவப்புமூக்கா மஞ்சள்மூக்கா என்று முதலில் பாருங்கள். நம் பக்கம் இரண்டும் உண்டு. சிவப்புமூக்கு தண்ணீர்ப் பக்கம் விரும்பும். அது அதிகம் என்றால் உங்கள் தளத்தில் எங்கோ தண்ணீர் தேங்குகிறது, கால்வாயோ டிராக்டர் சக்கரப் பள்ளமோ. மஞ்சள்மூக்கு காய்ந்த வெட்டவெளியில் இருப்பது. அது அதிகம் என்றால் அண்ணா சொன்ன மொட்டை அடித்த இடம்தான் காரணம். ஒன்றுக்கு மண் போட்டுப் பள்ளத்தை மூட வேண்டும், மற்றதற்குப் புல்லை வளர்க்க வேண்டும். ஆள்காட்டி என்று ஒரே பெயரில் எழுதி வைத்தால் இது தெரியாமலே போய்விடும்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அவை முட்டையிடும் காலம். முட்டையை எடுத்து வெளியே போடுவது, கூட்டை மிதிப்பது எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். வனத்துறையிடம் தளத்திலிருந்து எழுதிக் கேட்கட்டும். மயில் என்றால் இன்னும் கவனம், வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மார்ச்சுக்கு முன்பே அந்த இடத்தில் புல் மூடியிருந்தால் கூடு வைக்கவே வராது, பறவைக்கும் நல்லது.

நொய்யல் குளங்களில் அடையும் கொக்கும் மடையானும் விடியலில் கிளம்பி, பொழுது சாயத் திரும்பும். எந்தத் திசையிலிருந்து எத்தனை மணிக்குத் தளத்தைக் கடக்கிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அந்த நேரம் டவருக்குத் தெரிந்திருந்தால் விமானிக்குச் சொல்லிவிடுவார்கள்.

முதல் மழைக்குப் பிறகு வரும் ஈசலை மறந்துவிடாதீர்கள். சாயங்காலம் புற்றிலிருந்து கிளம்பும்போது பருந்து, காக்கை, தகைவிலான், பனங்காடை எல்லாம் ஒரே இடத்தில் கூடும். எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரே சாயங்காலம் பதினோரு வகைப் பறவை எண்ணினேன். புல்லை எந்த உயரத்தில் வெட்டினாலும் ஈசலைத் தடுக்க முடியாது. ஓடுதளப் பக்கத்துப் புற்றுகளை முன்கூட்டியே கவனித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் அந்த இறக்கை. சரியான ஆளிடம் கொடுத்தீர்கள், சந்தோஷம். அடுத்த முறை காகித உறையில் போட்டுத் தேதி, நேரம், இடம் எழுதிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும். சின்ன இறகை, ரத்தக் கறையை வைத்துக்கூட எந்தப் பறவை என்று மரபணு மூலம் கண்டுபிடிக்கும் வேலை நம் ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையத்தில் நடக்கிறது. எது மோதியது என்று தெரியாமல் எதை விரட்டுவது?


அன்னூர் டிராக்டர்

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டில் பதினாறு சிவப்புமூக்கு. அக்கா சொன்னமாதிரியே வடக்குக் கால்வாய் ஓரத்தில் எங்கள் டிராக்டர் இறங்கிய தடத்தில் தண்ணீர் நிற்கிறது. தவளை கத்துகிறது. நாங்களே வெட்டிய பள்ளம்.

சதுரச் சட்டமும் போட்டேன். கால்வாய்ப் பக்கம் ஒரு சட்டத்துக்குள் வெட்டுக்கிளிக் குஞ்சு முப்பத்தேழு. மொட்டை அடித்த இடத்தில் நாலு, ஆனால் எறும்பும் கரையானும் எண்ண முடியவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். எல்லா இடத்தையும் ஒரு சாண் உயரத்துக்கு விடலாமா? விளக்கு மறைந்துவிடுமே. அப்புறம், வாரிய புல்லை எங்கே கொண்டு போவது? ஒரு வெட்டுக்கே பத்துப் பதினைந்து டிப்பர் வருகிறது. மேற்பார்வையாளர் அங்கேயே கிடக்கட்டும், உரமாகும் என்கிறார்.


கொறங்காட்டான்

அம்மிணி சிவப்புமூக்கு, மஞ்சள்மூக்கு என்று பிரித்துச் சொன்னது எனக்கே புதுசு. முப்பத்தோரு வருஷமும் ஆள்காட்டி என்று ஒரே கட்டத்தில்தான் எழுதினேன். நன்றிங்க.

தம்பி, எல்லா இடத்துக்கும் ஒரே உயரம் வேண்டவே வேண்டாம். ஓடுதள விளிம்பு விளக்கு, அறிவிப்புப் பலகை, வழிகாட்டும் கருவிகள் இருக்கும் இடத்தைச் சுற்றிக் குட்டையாகத்தான் இருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. அந்தப் பட்டை எத்தனை அகலம் என்று தளத்தின் பாதுகாப்பு அதிகாரி சொல்வார், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு வெளியேதான் உயரப் பேச்சு. பெரிய ஓடுதளம் என்றால் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீட்டர் ஓடுதளப் பட்டையாக வைத்துப் பராமரிப்பார்கள். மூன்று கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், தார் போட்ட ஓடுதளத்தைக் கழித்தது போக 170 ஏக்கருக்கு மேல் புல். நம்ம ஊரில் ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு காடு இருந்தால் ஜமீன். அத்தனையையும் ஒரே நாளில் மாற்றவும் முடியாது, மாற்றவும் கூடாது.

நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். அதிகாரியிடம் உங்கள் எண்ணிக்கையைக் காட்டி, ஓரத்தில் இரண்டு துண்டு கேளுங்கள். ஒன்றை 10 செ.மீ., இன்னொன்றை 20 செ.மீ. வைத்து, இரண்டிலும் கதிர் வராமல் வெட்டி, ஐப்பசி மழையிலிருந்து தை வரை வாரம் இரண்டு நாள் ஒரே நேரத்தில் பறவையை எண்ணுங்கள். எலி வளையையும் எண்ணுங்கள். 20 செ.மீ. துண்டில் ஆள்காட்டி குறைந்து கருந்தோள் பருந்து கூடினால் அது நல்ல கணக்கு இல்லை, இறக்க வேண்டும். என் மனசில் இருப்பது நம் புல்லுக்கு முக்கால் சாண். ஆனால் என் மனசை வைத்து விமானத்தை இறக்க முடியாது, உங்கள் எண்ணிக்கை சொல்லட்டும்.

ஸ்லாஷரின் உயரத்தைப் பக்கவாட்டுச் சறுக்குத் தகட்டில் மாற்றலாம். தரை சமமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, கத்தி நுனியிலிருந்து மண்ணுக்கு டேப்பால் அளந்து போல்ட்டை முடுக்குங்கள். டிரைவர் ஹைட்ராலிக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஓட்டினால் ஒரு இடம் மொட்டை, ஒரு இடம் தாடி. கத்தி மழுங்கியிருந்தால் புல்லை அறுக்காமல் பிய்க்கும், தூர் காய்ந்துவிடும்.

உரமாகும் என்று சொன்னவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: இந்த மண்ணுக்கு உரம் ஆகவே கூடாது. மண் கொழுத்தால் புல் கொழுக்கும், புழு கொழுக்கும், எல்லாம் பறவைக்குத்தான். நெதர்லாந்தில் வெட்டிய புல்லை வெளியே எடுத்து எடுத்து, உரமே போடாமல், மண்ணை மெலிய வைத்த தளங்கள் இருக்கின்றன. நியூசிலாந்துக்காரர்கள் ஒரு படி மேலே போய், உள்ளே ஒரு பூஞ்சை குடியிருக்கும் புல்லை உருவாக்கியிருக்கிறார்கள். பூச்சிக்கு அது ஆகாது, தின்ற பறவைக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அது குளிர்நாட்டுப் புல், நம் சித்திரை வெயிலில் ஒரு வாரம் தாங்காது. நமக்கு வாரி எடுப்பதுதான் வழி.

கொண்டு போக இடமா இல்லை? கொழுக்கட்டைப் புல் என்றால் காங்கேயம் மாடு வைத்திருக்கிறவன் டிப்பர் பின்னாலேயே வருவான். ஆனால் களைக்கொல்லி அடித்த இடத்துப் புல்லைக் கொடுக்காதீர்கள். கம்பி, போல்ட், கேபிள் துண்டு எதுவும் கலந்திருக்கக் கூடாது, மாடு விழுங்கினால் வயிற்றைக் கிழிக்கும். பார்த்துப் பொறுக்கிய பிறகு தளத்தின் அனுமதியோடு கொடுங்கள். விமான தளத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குள் குப்பை கொட்டக் கூடாது, ஆடு மாடு அறுக்கக் கூடாது என்று 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதி சொல்கிறது. அழுகும் புல் குவியலை வேலி ஓரத்தில் போட்டு, நீங்களே ஒரு குப்பைமேட்டை உருவாக்கிவிடாதீர்கள்.

முதலில் அந்தத் தடத்துப் பள்ளத்தை மூடுங்கள். அதற்கு யாருடைய ஆராய்ச்சியும் வேண்டாம்.


அன்னூர் டிராக்டர்

ஐயா, பள்ளத்தை மூடியாகிவிட்டது. நேற்று ராத்திரி அனுமதி வாங்கி இரண்டு டிப்பர் சரளை மண் கொட்டி, ரோலர் விட்டு அமுக்கினோம். பதினொன்றே முக்காலுக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிந்தது. கால்வாயில் படிந்த வண்டலும் எடுத்தோம். டார்ச் வெளிச்சத்தில் வரப்பில் ஒரு கூகை உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எலி வளை அந்தப் பக்கம் பத்து இருக்கிறது, ஒன்பதில் புதுமண். குறித்து வைத்தேன்.

பாதுகாப்பு அதிகாரி துண்டு இரண்டும் தருகிறேன் என்றார். தெற்கு ஓரத்தில், ஓடுதளத்திலிருந்து தள்ளி. சட்டத்தை என் கையால் போட்டுக் காட்டியபோது அவரும் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்களுக்குப் பூட்ஸ் பதினான்கு ஜோடி திருப்பூரில் சொல்லியிருக்கிறேன், பல்லடத்து அண்ணாவுக்கும் நன்றி.

இன்று காலை ஆறே காலுக்கு எண்ணினேன். கால்வாய் ஓரத்தில் சிவப்புமூக்கு ஒன்பது. மஞ்சள்மூக்கு ஆறு, அப்படியேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணி இங்கேயே எழுதுகிறேன்.